வீதியோரத்து வேலி

கண்டியிலிருந்து தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய ஊடாக மஹியங்கனைக்குச் செல்லும் வீதியை உங்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். மலையின் தோள்களைச் சுற்றிச் சுற்றி இறங்கிச் சமவெளியைத் தொடும் அவ்வீதி, பதினெட்டு வளைவு என்னும் பெயரால் நாடெங்கும் அறியப்பட்டது. ஒருபுறம் பாறைச் சுவர், மறுபுறம் பள்ளம். இரண்டிற்கும் நடுவே நாம் நம்பிச் செல்லும் தார் வீதி.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பாடசாலையின் எட்டாம் வகுப்பு மாணவரைக் கல்விச் சுற்றுலாவாக மஹியங்கனைக்கு அழைத்துச் சென்று, மாலையில் அவ்வீதி வழியே திரும்பிக்கொண்டிருந்தோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது, மேலே பனிமூட்டம். எதிரே வந்த லொறியொன்றிற்கு வழிவிடும் பொருட்டு எங்கள் சாரதி பஸ் வண்டியை இடப்புறம் ஒதுக்கினார். பின்சக்கரம் வழுக்கியது. வண்டியின் பக்கம் வீதியோரத்து இரும்பு வேலியிற் பட்டு, தகட்டைத் தகடு அராவும் கொடிய ஓசையுடன் ஏறத்தாழ முப்பது அடி தூரம் உரசிச் சென்று நின்றது. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினர். ஆசிரியர்கள் அவர்களை எண்ணினர். நான் மறுபடியும் எண்ணினேன். ஒருவருக்கும் காயமில்லை.

அந்த வேலியை அன்று நாங்கள் எல்லாரும் வாயார வாழ்த்தினோம். ஆனால் ஒரு சிறுமி மட்டும் சற்றுப் பின்னால், வேலி தொடங்கும் முனையருகே சென்று நின்றாள். விரித்த மீன்வால் போன்ற வெறும் தகட்டு முனை, வரும் வண்டிகளை நேரே பார்த்தபடி அங்கே நின்றது. அவள் என்னிடம், “ஐயா, பஸ் கொஞ்சம் முந்திச் சறுக்கியிருந்தால் இதிலல்லோ குத்தியிருக்கும்?” என்று கேட்டாள்.

அவளுக்கு நான் அன்று மறுமொழி சொல்லவில்லை, சொல்லத் தெரியவில்லை. நான் கலைப் பட்டதாரி. வரலாறும் தமிழும் கற்பித்தவன். பின்னர் எங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டும், பொறியியலாளர் எழுதியவற்றைப் படித்தும் நான் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என் தேடலில் முதலில் எதிர்ப்பட்டவர் ஒரு மோட்டார்ப் பந்தய வீரர். போலந்து நாட்டைச் சேர்ந்த ரொபேர்ட் குபிட்சா என்பவர் அவர். 2007 ஜூன் மாதம் கனடாவின் மொன்றியல் நகரிலே நடந்த பந்தயத்தில், மணிக்கு 200 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் அவரது வண்டி கொங்கிரீட் சுவரில் மோதிச் சிதறியது. மோதலின் உச்சக் கணத்தில் வண்டியைத் தாக்கிய விசை, புவியீர்ப்பைப் போல் 75 மடங்கு எனக் கருவிகள் பதிந்தன. பார்த்தவர்கள் அவர் இறந்தார் என்றே எண்ணினர். அவரோ தலையில் ஏற்பட்ட அதிர்ச்சியுடனும் கணுக்காற் சுளுக்குடனும் தப்பினார். ஒரேயொரு பந்தயத்தைத் தவறவிட்டுவிட்டு மீண்டும் ஓட்ட வந்தார்.

அதே மனிதர் 2011 பெப்ரவரி 6ஆம் திகதி, இத்தாலியின் அந்தோரா என்னும் ஊரைச் சார்ந்து நடந்த சிறிய ராலிப் போட்டியொன்றிற் கலந்துகொண்டார். ராலி என்பது இதற்கெனக் கட்டிய வட்டப் பாதையில் நடப்பதன்று; ஊர் வீதிகளையும் மலை வீதிகளையும் சில மணி நேரம் மூடி வைத்து, அவற்றிலேயே நடத்தப்படுவது. மலைநாட்டு வீதியொன்றில் அவரது வண்டி விலகி ஓரத்து இரும்பு வேலியிற் பட்டது. வேலியின் தகடு வண்டிக்குள் ஈட்டிபோல் நுழைந்து சாரதியின் இருக்கைப் பக்கத்தை ஊடுருவிச் சென்றது. அவரது வலது முன்கை அறுந்துபோகும் நிலையை அடைந்தது. கையும் காலும் பல இடங்களில் முறிந்தன. இரத்தம் பெருகி ஓடியது. ஏழு மணி நேரச் சத்திரசிகிச்சையின் பின்னரே வைத்தியர்கள் கையைக் காப்பாற்றினர். அருகிலிருந்த உதவிச் சாரதிக்கோ பெரிய காயம் எதுவும் இல்லை.

நேயர்களே, இவ்விரு விபத்துகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னதில் வேகம் மிகப் பெரிது, சேதம் சிறிது. பின்னதில் நடந்தது நம் ஊர் வீதி போன்றதொரு வீதியில். சேதமோ உயிரின் விளிம்புவரை சென்றது. சுவர் அகலமாக நின்று வண்டியைத் தாங்கியது. வண்டி துண்டு துண்டாகச் சிதறியபோது மோதலின் வலிமையிற் பெரும்பங்கு அச்சிதறலிலேயே செலவாகி, நடுவிலிருந்த மனிதர் எஞ்சினார். இரும்புத் தகடோ ஒரு கையகல இடத்திலே மோதலின் முழுவலிமையையும் குவித்தது.

இதைக் கிரிக்கெட் ஆடும் நம் சிறுவர் நன்கு அறிவர். வேகமாக வரும் பந்தைப் பிடிப்பவன் கையை விறைப்பாக நீட்டி வைப்பதில்லை. பந்து கையிற் பட்டதும் கையைச் சற்றுப் பின்னோக்கி இழுக்கிறான். நிற்பதற்கு நேரம் கூடினால் வலி குறைகிறது. தாங்கும் இடம் அகன்றாலும் வலி குறைகிறது. மோட்டார் வண்டிகளின் பாதுகாப்பு நூல்கள் யாவும் இவ்விரண்டு உண்மைகளின் விரிவே என்று எங்கள் விஞ்ஞான ஆசிரியர் சொன்னார்.

குபிட்சாவிற்கு நேர்ந்தது தனியொரு நிகழ்ச்சியன்று. 2012 ஜூனில் சிசிலித் தீவில் நடந்த தார்கா புளோரியோ ராலியில், அயர்லாந்து வீரர் கிரெய்க் பிரீன் ஓட்டிய வண்டி வீதியோர இரும்பு வேலியில் மோதியது. வேலி வண்டிக்குள் புகுந்து உதவிச் சாரதி கரெத் ரொபேர்ட்ஸ் என்பவரின் உயிரைக் கவர்ந்தது. அவருக்கு வயது 24. பிரீன் காயமின்றித் தப்பினார். பதினோராண்டுகள் கழித்து, 2023 ஏப்ரல் 13ஆம் திகதி, குரோவேசிய நாட்டில் போட்டிக்கு முன்னான ஓட்டப் பயிற்சியின்போது அதே பிரீனின் வண்டி வீதியை விட்டு விலகியது. மரவேலியின் கம்பமொன்று அவர் பக்கமாக உள்ளே பாய்ந்தது, அவர் இறந்தார். இம்முறை உதவிச் சாரதி தப்பினார். நண்பனை ஒரு வேலிக்கு இழந்தவர், தாமும் ஒரு வேலியாலேயே மாண்டார். வேலியே பயிரை மேய்ந்தது என்று நாம் சொல்வது இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு எவ்வளவு பொருந்துகிறது!

ராலி வண்டி சாதாரண வண்டியன்று என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். அதன் உள்ளே உருக்குக் குழாய்களாலான ஒரு கூடு இருக்கிறது. வண்டி பல முறை புரண்டாலும் அக்கூடு நசுங்குவதில்லை. உள்ளிருப்போரைத் தோளிலும் இடுப்பிலும் தொடையிலும் பல முனைப் பட்டிகள் இருக்கையோடு பிணைக்கின்றன. தலைக்கவசமும் கழுத்துக் காப்பும் உண்டு. 2005இல் வேல்ஸ் நாட்டு ராலியில் வண்டி மரத்தில் மோதி மைக்கல் பார்க் என்னும் உதவிச் சாரதி இறந்தபின், பக்கவாட்டு மோதலைப் பற்றிய ஆராய்ச்சி தீவிரமடைந்தது. இருக்கைகள் வலுப்பெற்றன, கதவுகளின் உட்புறம் தடித்த நுரைப் பொருளால் நிரப்பப்பட்டது. போதாததற்குப் போட்டியாளர் முன்கூட்டியே அவ்வீதியில் மெதுவாகச் சென்று, ஒவ்வொரு வளைவையும் குறிப்பேட்டில் எழுதுகின்றனர். போட்டியின்போது உதவிச் சாரதி அக்குறிப்பைப் படித்துக்கொண்டே வருகிறார்.

இத்தனை கவசம் பூண்ட வண்டியையே வேலியின் தகடு துளைத்தது. அவ்வாறாயின், கூடும் இல்லாத, பட்டியும் இல்லாத, நிற்பவரும் இருப்பவருமாக நிறைந்த நம் பஸ் வண்டிக்கு என்ன காப்பு? ராலி வீரர் தம் பாதுகாப்பை வண்டிக்குள்ளேயே சுமந்து செல்கிறார். நம் பிள்ளைகளுக்கோ அப்பாதுகாப்பை வீதிதான் தரவேண்டியிருக்கிறது. ஆதலால், வீதியோரத்து வேலி எப்படி நிற்கிறது என்பது பந்தயக்காரரைக் காட்டிலும் நமக்கே பெரிய கேள்வி.

அவ்வேலி தொழிற்படும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெளிவாக அலைபோல் வளைத்த உருக்குத் தகட்டைக் கம்பங்களிற் பூட்டி வைக்கும் முறை 1930களில் அமெரிக்காவிலே தோன்றியது. தகட்டின் கனம் மூன்று மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. பார்ப்பதற்குச் சுவர்போல் தோன்றினும் அதன் தொழில் கயிற்றின் தொழில். சரிவாக வந்து படும் வண்டியைத் தகடு இழுவிசையால் தாங்குகிறது; கம்பங்கள் சற்றே சாய்ந்து கொடுக்கின்றன; வண்டி மெல்லத் திரும்பி வீதியோடு உரசிச் செல்கிறது. எங்கள் பஸ் வண்டியை அன்று காத்ததும் இதுவே. ஆனால் கயிற்றின் இரு தலைப்பும் இறுகக் கட்டப்பட்டிருந்தால் மட்டுமே கயிறு தாங்கும். நடுவிலே ஒரு பூட்டாணி கழன்றாலோ, தலைப்பு மண்ணிற் பற்றாமல் நின்றாலோ, கயிறு வெறும் தகடாகிவிடும்.

தலைப்பு என்றேன். அந்தச் சிறுமி கேட்டதும் அதைப் பற்றியே. தொடக்க காலத்தில் வேலியின் முனையை வெறுமனே வெட்டி விட்டனர். அது வண்டிகளைக் குத்தியது. பின்னர் அம்முனையைச் சரித்து மண்ணுக்குள் இறக்கினர். ஈட்டியின் பயம் நீங்கிற்று, ஆயினும் அச்சரிவு ஏணிபோலாகி வண்டிகளை மேலே ஏற்றிக் கவிழ்த்தது. இதனை உணர்ந்த பொறியியலாளர் மேலும் இரு வழிகளைக் கண்டனர். முனையை வீதியை விட்டு விலகுமாறு வளைத்து, அருகேயுள்ள மண்மேட்டிற்குள் புதைத்துவிடுவது ஒன்று. முனையிலே ஒரு தலைப்பெட்டியைப் பொருத்தி, வண்டி மோதும்போது அப்பெட்டி தகட்டை நசுக்கியவாறு பின்னோக்கி நகர்ந்து வேகத்தை உறிஞ்சச் செய்வது மற்றொன்று. பின்னதற்குப் பணம் வேண்டும். முன்னதற்கு, வெட்டிய மலைச்சரிவு பக்கத்திலேயே உள்ள நம் கண்டிப் பகுதியில், பல இடங்களில் இயற்கையே உதவி செய்யக் காத்திருக்கிறது.

வேலியின் வலிமைக்கும் எல்லை உண்டு. ஐரோப்பிய நாடுகளின் அளவுகோலின்படி, சாதாரண வேலியைச் சோதிக்க 1,500 கிலோகிராம் எடையுள்ள காரை மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் 20 பாகைக் கோணத்தில் மோதவிடுகின்றனர். பஸ் வண்டியைத் தாங்க வேண்டிய வேலிக்கோ வேறு சோதனை: 13 தொன் எடையுள்ள பஸ், மணிக்கு 70 கிலோமீற்றர் வேகம். காருக்கென வகுத்த வேலியைப் பஸ் வண்டி செல்லும் பள்ளத்தின் ஓரத்தில் நட்டுவிட்டு, காப்பு இருக்கிறதென்று நாம் கண்ணயர்ந்துவிடக் கூடாது.

2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுற்றுலா சென்று திரும்பியோரை ஏற்றி வந்த பஸ், எதிரே வந்த வண்டியொன்றில் மோதி, வீதியோரப் பாதுகாப்பு வேலியிலும் மோதி, அதனையும் கடந்து ஏறத்தாழ 1,000 அடிப் பள்ளத்தில் வீழ்ந்தது. 15 பேர் மாண்டனர். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், மே 11ஆம் திகதி அதிகாலையில், நுவரெலியா - கம்பளை வீதியில் றம்பொடையை அடுத்த கெரண்டி எல்லப் பகுதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டிக்கு வரும் வழியல்லவா அது? அவ்வீதியால் நம் ஆசிரியரும் மாணவரும் தோட்டத்துத் தொழிலாளரும் நாள்தோறும் பிரயாணம் செய்கின்றனர். இவ்விபத்துகளுக்குக் காரணம் யாது, குற்றம் யாருடையது என்று தீர்ப்புக் கூறுவது என் பணியன்று. மனிதர் தவறு செய்வர், யந்திரமும் பழுதுபடும். அத்தவறு மரணதண்டனையாக முடியாதிருக்கச் செய்வதே வீதியோரத்துக் காப்பின் பயன்.

மலைநாட்டு வீதிகளுக்கென்றே சில இடர்ப்பாடுகள் உண்டு. கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் வீதியை அமைத்து, 1829இல் காலமான கப்டன் டோசன் என்பவரின் நினைவுக் கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. மாட்டு வண்டியையும் குதிரை வண்டியையும் மனத்திற் கொண்டு வகுத்த மலைத் தடங்களைத் தழுவியே இன்றும் நம் பஸ் வண்டிகள் ஓடுகின்றன. பல இடங்களிற் பள்ளத்தின் விளிம்பிற்கும் தாருக்கும் இடையே ஓரடி மண்கூட இல்லை. கம்பத்தின் பின்னால் போதிய மண் இருந்தாலன்றி அது தாங்காது. விளிம்பில் நட்ட கம்பத்தின் அடிமண்ணை ஒவ்வொரு மழையும் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. வீதிக்கு மேலும் மேலும் தார் போடுந்தோறும் வீதியின் மட்டம் உயர்கிறது. வேலியோ நின்ற இடத்திலேயே நின்று, பார்வைக்குத் தெரியாமல் குட்டையாகிறது. மோட்டார்ச் சைக்கிளில் செல்வோர் சறுக்கி விழுந்தால், தகட்டின் கீழுள்ள வெற்றிடத்தில் நுழைந்து கம்பத்தில் மோதுகின்றனர். ஸ்பெயின், பிரான்ஸ் முதலிய நாடுகளில் ஆபத்தான வளைவுகளில் அவ்வெற்றிடத்தை மற்றுமொரு தகட்டால் மறைக்கும் வழக்கம் உண்டு.

மோட்டார்ப் பந்தயங்களைக் காணச் செல்லும் நம் இளைஞருக்கும் ஒரு வார்த்தை. சித்திரை விடுமுறையில் மலைநாடெங்கும் பந்தய ஆரவாரம் கேட்கும். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில், பந்தய வண்டியொன்று தடத்தை விட்டு விலகிக் கூட்டத்தினுள் பாய்ந்தது. 7 பேர் இறந்தனர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும், பந்தய ஒழுங்கிற்காக நின்ற அலுவலரும் அடங்குவர். வளைவின் வெளிப்புறம் வண்டி விலகினால் வந்து சேரும் இடம். அங்கே நின்று பார்ப்பது வீரமன்று. ஒரு கயிறோ ஒரு கொடியோ வண்டியைத் தடுக்காது. உயர்ந்த மேட்டில், தடத்திற்குத் தொலைவில் நின்று பாருங்கள்.

இனி, செய்யக்கூடியவை யாவை? அதிகாரிகளிடம் நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. வரும் வண்டிகளை நோக்கி நிற்கும் வெறும் முனைகளைக் கணக்கெடுத்து, அவற்றை மலைப்பக்கம் வளைத்துப் புதைக்கலாம். வேலிக்கும் பாலத்தின் சுவருக்கும் இடையே விடுபட்ட இடைவெளிகளை இணைக்கலாம். ஒரு தகட்டின் மேல் மறு தகடு படியும் மூட்டு, வண்டி செல்லும் திசைக்கு இசைவாக அமைந்துள்ளதா எனப் பார்க்கலாம். மாறி அமைந்தால் அம்மூட்டே கத்திபோல் வண்டியைப் பற்றும். பஸ் வண்டிகள் ஓடும் ஆழ்ந்த பள்ளங்களுக்கு அவற்றைத் தாங்கும் வலிய வேலியே வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் பெருமழை, மலைநாட்டு வீதிகள் பலவற்றை அரித்துச் சென்றது. அழிந்ததைத் திருப்பிக் கட்டும்போது பழைய பிழையையும் சேர்த்துக் கட்டிவிடாதிருக்க இதுவே தருணம்.

நம் கையிலும் சில உண்டு. வேலியில் ஒரு கம்பம் சாய்ந்திருந்தால், ஒரு தகடு கழன்று நீண்டிருந்தால், இடத்தைக் குறித்து வீதிக்குப் பொறுப்பான அலுவலகத்திற்கு எழுதுங்கள். வண்டியில் ஆசனப் பட்டி இருந்தால் அணியுங்கள். வண்டி உருளும்போது வெளியே தூக்கி எறியப்படுவோரே பெரிதும் மாளுகின்றனர். வளைவிலே முந்தும் சாரதியைக் கைதட்டி ஊக்குவிக்காதீர்கள்; மெதுவாகச் செல்லும் சாரதிக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். 30 கிலோமீற்றர் வேகத்தை 60 ஆக்கினால் மோதலின் வலிமை இரு மடங்கன்று, நான்கு மடங்கு.

ஒவ்வோராண்டும் சுற்றுலாக் காலம் வந்ததும் பெற்றோரின் சம்மதக் கடிதங்கள் என் மேசைக்கு வருகின்றன. சிலவற்றில் அழகிய கையொப்பம். சிலவற்றில் எழுதத் தெரியாத தாயொருத்தியின் பெருவிரல் அடையாளம். முன்பெல்லாம் அவற்றை எண்ணிக் கட்டி வைத்துவிடுவேன். இப்போது ராலிக்காரர் செய்வதையே நாங்களும் செய்கிறோம். ஆசிரியர் ஒருவரும் சாரதியும் முற்கூட்டி அவ்வழியே ஒரு முறை சென்று வருகின்றனர். வேலி எங்கே தொடங்குகிறது, எங்கே விடுபடுகிறது, எவ்வளைவில் மெதுவாகச் செல்ல வேண்டும் என்று குறிப்பெழுதுகின்றனர். இருட்டுமுன் மலையை விட்டு இறங்கிவிடுவது என்பது எங்கள் விதி. அக்குறிப்பைக் கண்ட பின்னரே நான் கையொப்பமிடுகிறேன்.

அன்று கேள்வி கேட்ட சிறுமி இப்போது பாடசாலையை விட்டுப் போய்விட்டாள். ஆம், மகளே, குத்தியிருக்கும் என்பதே அவளுக்கு நான் சொல்லவேண்டிய மறுமொழி. அந்த முனை இன்றும் அவ்வாறே நிற்கிறதா என்று, அவ்வழியே போகும்போதெல்லாம் நான் எட்டிப் பார்க்கிறேன். நேயர்களே, உங்கள் ஊர் வீதியிலும் நீங்கள் எட்டிப் பாருங்கள்.